ஒரு சதுரம், நான்கு பட்டை, மூன்று சில்லு

1, 2, 3 என்று எண்ணும் எண்களில் ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். நினைத்த எண்ணின் நான்கு மடங்கை அத்துடன் கூட்டுங்கள். கடைசியாக ஒரு 3 சேருங்கள். நீங்கள் நினைத்தது எந்த எண்ணாக இருந்தாலும் சரி, கிடைத்த விடை பகா எண்ணாக இருக்காது. அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணாக அது ஒருநாளும் வராது.

சோதித்துப் பாருங்கள். 1 என்றால் 8. 2 என்றால் 15. 3 என்றால் 24. 4 என்றால் 35. பத்தை நினைத்தவருக்கு 143 வந்திருக்கும். பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றினாலும் அது 11 × 13. 58-ஐ நினைத்தவருக்கு 3599. இது 2, 3, 5, 7, 11, 13 எதற்கும் மசியாது. பொறுமையாக மேலே மேலே வகுத்துப் போனால் 59-இல் வந்து பிடிபடும்: 59 × 61.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்ணின் வர்க்கத்துடன் அதே எண்ணைக் கூட்டி, மேலும் 41 கூட்டுவது. பூச்சியத்தில் தொடங்கினால் 41, 43, 47, 53, 61, 71 என்று வரிசை நீளும். கணித மேதை ஆய்லர் 1772-இல் சுட்டிக்காட்டிய வரிசை இது. ஒவ்வொன்றும் பகா எண். 39 வரை போட்டுப் பார்த்தாலும் விடாமல் பகா எண்ணே வருகிறது. அப்போது கிடைப்பது 1601. ஆனால் 40-ஐப் போட்டதும் 1681. அது 41 × 41.

நாற்பது முறை தொடர்ந்து பலித்தது நாற்பத்தோராவது முறை பொய்த்துவிட்டது. அப்படியிருக்க, முதல் கணக்கு கோடியாவது எண்ணிலும் பொய்க்காது என்று எப்படி அடித்துச் சொல்ல முடிகிறது? கோடி எண்களையும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. இந்த உறுதி கிடைக்கும் இடம், பள்ளியில் நாம் எல்லோரும் கடந்து வந்த காரணிப்படுத்துதல் என்னும் பாடம். கூட்டினால் நடு எண் வர வேண்டும், பெருக்கினால் கடைசி எண் வர வேண்டும், அப்படி இரண்டு எண்களைக் கண்டுபிடி என்ற விதியை மனப்பாடம் செய்து, பக்கம் பக்கமாகப் போட்டுத் தள்ளியிருப்போம். அந்த விதி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டால் இந்தப் பாடத்தை யாரும் மறக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய காலண்டர் அட்டை ஒன்றும் கத்தரிக்கோலும் போதும். முதலில் ஒரு சதுரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் பக்கம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்க வேண்டாம், எதுவாகவும் இருக்கட்டும். அடுத்து நான்கு பட்டைகள். ஒவ்வொன்றின் நீளமும் அந்தச் சதுரத்தின் பக்கத்தளவு, அகலம் ஒரு சென்டிமீட்டர். கடைசியாக ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள மூன்று குட்டிச் சதுரங்கள். இவற்றைச் சில்லு என்போம். நினைத்த எண்தான் சதுரத்தின் பக்கம். வர்க்கம் என்பது சதுரத்தின் பரப்பு, நான்கு மடங்கு என்பது நான்கு பட்டைகளின் பரப்பு, 3 என்பது சில்லுகள். ஆக நம் கணக்கு முழுவதும் மேசைமேல் அட்டையாகக் கிடக்கிறது.

பக்கத்தை 'ப' என்று குறித்தால் பாடப்புத்தகம் இதையே ப² + 4ப + 3 என்று எழுதும். ஓர் எண் தன்னோடு தானே ஒருமுறை பெருக்கப்படும் அளவுக்குத்தான் இதில் உயர்வு இருக்கிறது. அதற்கு மேல் இல்லை. அதனால் இது இருபடிக் கோவை. பட்டைகளின் எண்ணிக்கையான 4 கெழு எனப்படும். சதுரம் எந்த அளவானாலும் மாறாமல் நிற்கும் 3 என்பது மாறிலி.

இந்த எட்டுத் துண்டுகளையும் இடைவெளி இல்லாமல், ஒன்றுகூட மிஞ்சாமல், ஒரே செவ்வகமாக அடுக்க வேண்டும். சதுரத்தின் வலப்பக்கம் இரண்டு பட்டை, கீழே இரண்டு பட்டை வைத்துப் பாருங்கள். வலது கீழ் மூலையில் ஒரு பள்ளம் விழும். இரண்டு சென்டிமீட்டருக்கு இரண்டு, ஆக நான்கு சில்லு பிடிக்கும் பள்ளம். நம்மிடம் மூன்றுதான், ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. நான்கு பட்டைகளையும் வலப்பக்கமே வைத்தால் பள்ளமே இல்லை. மூன்று சில்லும் கையில் நிற்கும். வலப்பக்கம் மூன்று, கீழே ஒன்று என்று வையுங்கள். மூலைப் பள்ளம் மூன்றுக்கு ஒன்று. மூன்று சில்லும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். கிடைத்த செவ்வகத்தின் ஒரு பக்கம் சதுரத்தைவிட 3 கூடுதல், மறுபக்கம் 1 கூடுதல்.

இதில் அட்டையை நாம் அளக்கவே இல்லை. சதுரம் பத்து சென்டிமீட்டரோ பத்து மைலோ, அடுக்கும் விதம் மாறுவதில்லை. அதனால்தான் இது ஒரே வீச்சில் எல்லா எண்களுக்கும் நிரூபணம் ஆகிறது. எந்த எண்ணை நினைத்தாலும் விடை, அதைவிட 1 கூடிய எண்ணையும் 3 கூடிய எண்ணையும் பெருக்கி வந்ததுதான். நினைத்தது 1 அல்லது அதற்கு மேல் என்பதால் இரண்டு பக்கமுமே 1-ஐவிடப் பெரியவை. பிறகு பகா எண் எப்படி வரும்? 58-க்கு 59 × 61 வந்ததும் இப்படித்தான்.

பள்ளி விதியும் இப்போது வெளிச்சமாகிவிட்டது. பட்டைகளை இரண்டு பக்கத்துக்குப் பங்கிடுகிறோம். ஆகவே இரண்டு பங்கும் கூடினால் பட்டைகளின் எண்ணிக்கை வர வேண்டும். பங்கிட்ட இரண்டு எண்களும்தான் மூலைப் பள்ளத்தின் நீளமும் அகலமும்; ஆகவே பெருக்கினால் சில்லுகளின் எண்ணிக்கை வர வேண்டும். நடு உறுப்பைப் பிரிப்பது என்று கரும்பலகையில் செய்வது, வலப்பக்கத்துக்கு எத்தனை பட்டை, கீழ்ப்பக்கத்துக்கு எத்தனை பட்டை என்று தீர்மானிப்பதைத்தான்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது. சதுரத்தின் பக்கம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரம் நூறு, பட்டை பத்து, சில்லு ஒன்று. நாம் எண்களை எழுதும் முறையே அதுதானே! ஒரு சதுரம், நான்கு பட்டை, மூன்று சில்லு என்பது 143. அதன் காரணிகள் 11-உம் 13-உம்: பத்தைவிட ஒன்று கூடுதல், மூன்று கூடுதல். ஒரு சதுரம், ஐந்து பட்டை, ஆறு சில்லு என்றால் 156. அது 12 × 13. அப்படியானால் பங்கீடு இரண்டும் மூன்றும். ஆனால் இது சரிபார்க்கத்தான் உதவும், எப்போதும் கண்டுபிடித்துக் கொடுக்காது. ஒரு சதுரம், ஆறு பட்டை, எட்டு சில்லுக்கு 168 வருகிறது. 12 × 14 நமக்கு வேண்டியது. 8 × 21-உம் 168-தான், ஆனால் அது எந்தப் பங்கீட்டையும் காட்டுவதில்லை. குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு இருக்கும் காரணிகள் எல்லாம் கோவைக்கு இருக்க வேண்டியதில்லை.

சரி, சில்லு மூன்றுக்குப் பதில் இரண்டு இருந்தால்? ஐந்து இருந்தால்? இங்கேதான் விஷயம் ஆழமாகிறது.

நான்கு பட்டைகளைச் சரிபாதியாக, இரண்டு இரண்டாகப் பிரித்தபோது மூலைப் பள்ளம் 4. பாதியிலிருந்து ஒன்று விலகி மூன்றும் ஒன்றுமாகப் பிரித்தபோது 3. அதாவது 1 குறைந்தது. இரண்டு விலகி நான்கும் பூச்சியமுமாகப் பிரித்தபோது 0. அதாவது 4 குறைந்தது. பாதியிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அதன் வர்க்கம் அளவுக்குப் பள்ளம் சுருங்குகிறது. விலகாமல் நின்றால்தான் பள்ளம் மிகப் பெரிது. இது ஒன்று தெரிந்தால் ஊகிக்கும் வேலை முடிந்தது. மூன்று சில்லு என்றால் பள்ளம் 4-இலிருந்து 1 குறைய வேண்டும், அதற்கு 1 விலக வேண்டும். இரண்டு சில்லு என்றால் 2 குறைய வேண்டும். எதன் வர்க்கம் 2? இரண்டின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.414. பட்டைகளை முழுசாகப் பங்கிட்டு இதைச் செய்ய முடியாது. ஒரு பட்டையை நீளவாக்கில் கிழித்து ஒரு பக்கம் 3.414, மறுபக்கம் 0.586 என்று பங்கிட்டால் செவ்வகம் கூடிவிடும். நான்கு சில்லு என்றால் விலகலே வேண்டாம். கிடைப்பது நிறைவர்க்கம், அதாவது முழுச் சதுரம். ஐந்து சில்லு இருந்தால் என்ன கிழித்தாலும் நடக்காது. பள்ளம் நான்குக்கு மேல் வாங்காது. எப்போதும் சில்லு மிஞ்சும். உயர்வகுப்பில் தன்மைகாட்டி என்று ஒரு சூத்திரம் வரும். இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யெண்களில் தீர்வு உண்டா இல்லையா என்று அது சொல்லும். பள்ளம் கொள்ளும் உச்ச அளவையும் சில்லுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அந்தச் சூத்திரம் செய்யும் வேலை.

பாதியில் நின்று விலகலைத் தேடும் இந்த வழி மிகப் பழையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பாபிலோனியச் சேகரிப்பில் களிமண் பலகை ஒன்று இருக்கிறது, எண் 4663. கி.மு. 1900-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட பழைய பாபிலோனியக் காலத்தது. அதில் உள்ள ஒரு கணக்கில், ஒரு செவ்வகத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து ஆறரை, பரப்பு ஏழரை, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? அச்சு அசலாக நம் கேள்வி: கூட்டினால் இது, பெருக்கினால் அது. எழுத்தர் கூட்டுத்தொகையைப் பாதியாக்குகிறார்: மூன்றேகால். அதன் வர்க்கத்திலிருந்து ஏழரையைக் கழிக்கிறார். மிச்சத்தின் வர்க்கமூலம் ஒன்றேமுக்கால், அதுதான் விலகல். மூன்றேகாலுடன் கூட்டினால் 5, கழித்தால் ஒன்றரை. நீளமும் அகலமும் கிடைத்துவிட்டன. 2019-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ, பள்ளி மாணவர்களுக்கு இருபடிச் சமன்பாட்டை எளிதாகக் கற்பிக்கப் பரிந்துரைத்ததும் இதே எண்ணத்தின் மேல் நிற்கும் வழிதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல் என்று எனக்கும் படுகிறது.

கழித்தல் குறி வரும் கோவைகளில் பிள்ளைகள் தடுமாறுவது வழக்கம். ஒட்டுவதற்குப் பதில் வெட்டுகிறோம் என்று எடுத்துக்கொண்டால் போதும். சதுரத்தின் வலப்பக்கம் 2, கீழ்ப்பக்கம் 3 குறைய வேண்டும் என்று வையுங்கள். வலப்பக்கம் இரண்டு பட்டையின் பரப்பைக் கழிக்கிறோம். கீழே மூன்று பட்டையின் பரப்பைக் கழிக்கிறோம். மூலையில் இருக்கும் ஆறு சில்லு அளவான பகுதி இரண்டிலும் சேர்ந்து இரண்டு முறை கழிந்துபோனது. ஒருமுறைதான் கழிந்திருக்க வேண்டும். ஆகவே ஆறைத் திரும்பச் சேர்க்கிறோம். ப² − 5ப + 6 என்பதில் கடைசியில் கூட்டல் குறி நிற்பதற்குக் காரணம் இதுதான். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்று பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் விதித்ததையும் இந்த மூலையில் கண்ணால் காணலாம்.

இதுவரை பரப்பைப் பற்றிப் பேசினோம். சமன்பாடுகளைத் தீர்க்கக் காரணிகள் உதவுவது பூச்சியத்தின் ஒரு தனிக் குணத்தால். இரண்டு எண்களைப் பெருக்கினால் 12 என்று சொன்னால் அவை எவை என்று சொல்ல முடியாது. 3-உம் 4-உமாக இருக்கலாம், 2-உம் 6-உமாக இருக்கலாம், அரையும் இருபத்துநான்குமாகக்கூட இருக்கலாம். பெருக்கினால் 0 என்று சொல்லுங்கள்; இரண்டில் ஒன்றாவது பூச்சியம் என்று உடனே தெரிந்துவிடும். வேறு எந்த எண்ணுக்கும் இந்தச் சிறப்பு இல்லை. ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட் இதை நன்றாக உணர்ந்து எழுதினார். அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 1631-இல் நூல் வெளிவந்தது. 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் தம் வடிவியல் நூலில் எதிர்த்திசையில் நடந்து காட்டினார். தீர்வு 2, தீர்வு 3 என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்டு, 2 குறைந்த காரணியையும் 3 குறைந்த காரணியையும் பெருக்கினார். கிடைத்தது நாம் மேலே பார்த்த அதே ப² − 5ப + 6. பிறகு 4 குறைந்த காரணியைச் சேர்த்தார். பிறகு 5 கூடிய காரணியைச் சேர்த்தார். அதன் தீர்வு −5, அக்கால வழக்கப்படி அவர் அதைப் பொய் மூலம் என்றார். ஒரு சமன்பாட்டுக்குள் எத்தனை தீர்வுகள் அடங்கும் என்று கட்டிக்காட்டும் அழகான வழி இது.

ஒரு கோவைக்கு ஒரே ஒரு காரணிப்படுத்தல்தானா, வேறொரு ஜோடியும் இருக்கக்கூடாதா என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வது? ப² + 4ப + 3-க்கு, 1 கூடியதும் 3 கூடியதும் தவிர இன்னொரு ஜோடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ப-வுக்கு −1 போட்டால் நம் ஜோடி பூச்சியமாகிறது. கோவை ஒன்றே என்பதால் அந்த இன்னொரு ஜோடியும் பூச்சியமாக வேண்டும். பூச்சியமானால் அதில் ஒரு காரணி பூச்சியம். −1-இல் பூச்சியமாகும் காரணி 1 கூடியதுதான். மீதி இருப்பதும் தானாக முடிவாகிவிடும். ஆகவே இரண்டாவது ஜோடி இல்லை. இந்த வாதத்தின் முழுப் பாரத்தையும் பூச்சியத்தின் குணம்தான் தாங்குகிறது.

அந்தக் குணம் இல்லாத ஓர் எண் உலகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று பார்ப்பது சுவையானது. சுவர்க் கடிகாரத்தில் 12 மணி என்பது மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும் இடம். 12, 24, 36 எல்லாமே அங்கே பூச்சியத்துக்குச் சமம். அந்த உலகில் மூன்றை நான்கால் பெருக்கினால் பூச்சியம். ஆனால் இரண்டில் ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை! நம் கோவையை அங்கே கொண்டுபோய், எந்த எண்களுக்கு அது பூச்சியமாகிறது என்று பாருங்கள். 9-க்கு 120, 11-க்கு 168. இரண்டும் 12-ஆல் வகுபடுவதால் பூச்சியம். இவை எதிர்பார்த்தவை, கடிகாரத்தில் −3-உம் −1-உம் இவைதான். ஆனால் 3-க்கு 24, 5-க்கு 48. இவையும் பூச்சியம்! இருபடிக் கோவைக்கு நான்கு தீர்வுகள். காரணிகளும் இரண்டு விதம்: 1 கூடியது, 3 கூடியது என்ற ஜோடி ஒன்று, 3 குறைந்தது, 5 குறைந்தது என்ற ஜோடி இன்னொன்று. பின்னதைப் பெருக்கினால் ப² − 8ப + 15. கடிகாரத்தில் −8-உம் 4-உம் ஒன்று, 15-உம் 3-உம் ஒன்று. வகுப்பறையில் கேள்வியே இல்லாமல் நம்பும் ஒரு விதி எதைத் தாங்கி நிற்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆய்லரின் வரிசைக்கு இப்போது பதில் சொல்லலாம். அதில் ஒரு சதுரம், ஒரே ஒரு பட்டை, 41 சில்லு. பட்டையைச் சரிபாதியாகக் கிழித்தாலும் மூலைப் பள்ளம் கால் சில்லுதான் கொள்ளும். 41 சில்லுகளை எங்கே வைப்பது? எல்லா அளவுக்கும் பொருந்தும் செவ்வகம் அதற்குக் கிடையவே கிடையாது. அதனால் பகா எண்கள் வர வாய்ப்பு இருக்கிறது. வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 41-ஐப் போட்டால் சதுரம், பட்டை, சில்லு மூன்றுமே 41-ஆல் வகுபடும் என்பதால் அங்கே பகா எண்ணுக்கு இடமே இல்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் எளிய இருபடிக் கோவை: ஒரு பெரிய சதுரத்திலிருந்து ஒரு சிறிய சதுரத்தைக் கழிப்பது. பட்டையே இல்லை, ஒரு பக்கம் எவ்வளவு ஒட்டுகிறோமோ மறுபக்கம் அவ்வளவு வெட்டுகிறோம். 97-ஐ 103-ஆல் பெருக்கச் சொன்னால் நூறின் வர்க்கத்தில் 9 கழித்து 9991 என்று நொடியில் சொல்லலாம். இதைத் தலைகீழாகத் திருப்பினால் பெரிய எண்களைப் பிளக்கும் கருவி கிடைக்கிறது. 1643 வாக்கில் பிரெஞ்சு நீதிபதியும் கணித மேதையுமான ஃபெர்மா ஒரு கடிதத்தில் 2,027,651,281 என்ற எண்ணை எடுத்துக்கொண்டார். சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் வேண்டும். அவர் அந்த எண்ணைவிடச் சற்றே பெரிய வர்க்க எண்களை வரிசையாக எடுத்து, இந்த எண்ணைக் கழித்துப் பார்த்தார். 45,030-இன் வர்க்கத்தில் தொடங்கினால் பன்னிரண்டாவதாக வருவது 45,041-இன் வர்க்கம். அதில் கழித்தால் மிச்சம் 1,040,400. அது 1,020-இன் வர்க்கம். அவ்வளவுதான்: 45,041-இல் 1,020 கூட்டினால் 46,061, கழித்தால் 44,021. இரண்டையும் பெருக்கினால் அவர் எடுத்துக்கொண்ட எண்.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைத் தேடும் இந்த எண்ணத்தை வளர்த்துத்தான் 1981-இல் கார்ல் பொமரான்ஸ் 'இருபடிச் சல்லடை' என்னும் முறையை உருவாக்கினார். 1977-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மறையீட்டுச் சவாலாக ஓர் எண் வெளியாகியிருந்தது, 129 இலக்கங்கள். பொமரான்ஸின் சல்லடையின் மேம்பட்ட ஒரு வடிவத்தைக் கொண்டு, சுமார் 600 தன்னார்வலர்கள் ஏறத்தாழ 1,600 கணினிகளை எட்டு மாதம் ஓட்டி, 1994 ஏப்ரலில் அதை 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட இரண்டு பகா எண்களாகப் பிளந்தார்கள்.